தகப்பன்சாமிகள்

கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சுவாமிமலைக்குச் சென்று வந்தவர்கள், அங்குள்ள முருகனுக்குத் தகப்பன்சாமி என்ற பெயர் வழங்குவதை அறிவார்கள். பிரணவத்தின் பொருள் யாது எனக் குழந்தை வேலன் பிரமனை வினவினான். படைப்புத் தொழில் புரியும் பிரமனுக்கு விடை தெரியவில்லை, சிறைப்பட்டான். அவனை மீட்க வந்த சிவபெருமான், "உனக்குத் தெரியுமா?" என்று மகனைக் கேட்டார். தெரியும் என்றும், ஆனால் கேட்க வேண்டிய முறையில் கேட்க வேண்டும் என்றும் மகன் சொன்னான். தந்தை சீடனாகப் பணிந்து செவி சாய்த்தார் என்பது தலபுராணம்.

இக்கதையை நாம் குழந்தைகளுக்குச் சொல்லி மகிழ்கிறோம். தகப்பன்மார்களாகிய நாமே கேட்க வேண்டிய கதை இது என்பதை நான் அண்மையில்தான் உணர்ந்தேன். உணர்த்தியவள் ஏழு வயது நிரம்பிய என் மகள்.

நான் பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்து, இந்த மைசூருக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பயணச்சீட்டு வழங்கும் சாளரத்தின் பின்னே அமர்பவனுக்கு உலகம் ஒரு சதுர அடிக்குள் தெரியும். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு இரயிலில் கட்டணம் இல்லை. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதிற்குள் இருந்தால், முன்பதிவில்லாத வகுப்பில் பாதிக் கட்டணம். இவ்விதியின் காரணமாக, எங்கள் சாளரத்தின் முன் வரும் குழந்தைகளிற் பலர் ஆண்டுக்கணக்கில் நான்கு வயதிலேயே நின்றுவிடுகிறார்கள்!

ஒருநாள் மாலை, ஓர் அம்மையார் பெங்களூருக்கு ஒரு சீட்டுக் கேட்டார். உடன் நின்ற பையனின் தலை சாளரத்தின் விளிம்புக்கு மேலே தெரிந்தது. "பையனுக்கு என்ன வயது?" என்றேன். "நான்கு" என்றார். பையன் உடனே தலையை உயர்த்தி, "ஆறு" என்று உரக்கச் சொன்னான். கன்னடத்திலும் தமிழிலும் ஆறு ஆறுதான். மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எழவில்லை. வரிசையில் நின்றவர்கள் நகைத்தார்கள். அம்மையார் முகம் சிவந்து, அரைச்சீட்டுக்கும் பணம் கொடுத்து, பையனின் கையை இறுகப் பற்றிக்கொண்டு சென்றார்.

இதனை அன்றிரவு உணவருந்தும்போது வேடிக்கையாகச் சொன்னேன். என் மனைவி சிரித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்பா, அப்புறம் அந்தப் பையனை அவன் அம்மா அடித்திருப்பார்களா?" என்று கேட்டாள்.

அவன் கையை அந்த அம்மையார் பற்றிய விதம் என் கண்முன் வந்தது. "அடித்திருக்கலாம், அம்மா" என்றேன்.

அவள் சற்று நேரம் தட்டையே நோக்கியிருந்தாள். பிறகு, "போன வாரம் சீட்டுப் பணம் கேட்டு மாமா வந்தபோது, நீங்கள் உள்ளே இருந்துகொண்டே ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னீர்களே. நான் பொய்தானே சொன்னேன்? என்னை ஏன் அடிக்கவில்லை?" என்றாள்.

நண்பர்களே, அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டும் வயதும் அன்று. உண்மை சொன்னவனுக்கு அடி, பொய் சொன்னவளுக்கு மிட்டாய் என்ற கணக்கு அவளுக்குப் புரியவில்லை, விளக்கம் வேண்டினாள். ஆம், அன்று அவளுக்கு நான் மிட்டாயும் வாங்கிக் கொடுத்திருந்தேன். நாள்தோறும் பிறருடைய பொய்யைக் கண்டு நகைக்கும் என் வீட்டிலேயே பொய்க்குப் பயிற்சி நடந்திருக்கிறது.

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடு" என்ற சொற்கள் நாவின் நுனிவரை வந்தன. எப்படியோ அவற்றை விழுங்கிவிட்டு, "நீ செய்தது தவறன்று, உன்னை அப்படிச் சொல்ல வைத்த நான்தான் தவறு செய்தேன்" என்றேன். மறுநாள் காலை, சீட்டு நடத்துபவரின் இல்லத்திற்கு நானே சென்று, இம்மாதம் முடை என்று உண்மையைச் சொல்லி இரண்டு வாரத் தவணை கேட்டேன். கொடுத்தார். கேட்டிருந்தால் முன்பே கொடுத்திருப்பார். மகளையும் உடன் அழைத்துச் சென்றிருந்தேன். அவள் பார்க்க வேண்டும் என்பதற்காக.

குழந்தையின் வினாவுக்குச் செவி சாய்த்த தந்தையரில் ஒருவர் நம் மைசூரிலேயே வாழ்ந்தார். 1906-ஆம் ஆண்டு சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வூரிற் கழித்த எழுத்தாளர் ஆர். கே. நாராயணன் அவர்களைச் சொல்கிறேன். அவருடைய தந்தையார் இங்குள்ள மகாராஜா உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கியவர். 1939-இல் நாராயணனின் மனைவியார் குடற்காய்ச்சலால் மறைந்தார். தாயற்ற பெண் குழந்தையை வளர்க்கும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. அத்துயரிலிருந்து பிறந்த நாவலே 1945-இல் வெளிவந்த 'தி இங்கிலீஷ் டீச்சர்'. அதன் நாயகன் ஒரு கல்லூரி ஆசிரியன். மனைவியை இழந்தபின் மகளோடு வாழும் அவன், இறுதியில் தன் கல்லூரி வேலையைத் துறந்து ஒரு சிறுவர் பள்ளியிற் சேர்கிறான். கற்பித்தவன் குழந்தைகளிடம் கற்கச் செல்கிறான் என்றே நான் அதனைப் பொருள் கொள்கிறேன்.

அதே நாராயணன் 1986-இல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். 1989-இல் தம் முதல் உரையைப் பள்ளிக் குழந்தைகளுக்காகவே ஆற்றினார். சுமக்க முடியாத புத்தகப் பையால் குழந்தையின் முதுகு வளைகிறது, விளையாடவும் கனவு காணவும் அதற்கு நேரமில்லை என்பதே அவர் முறையீடு. பின்னர் 1992-இல் மத்திய அரசு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது; சுமையற்ற கல்வி பற்றிய அதன் அறிக்கை 1993-இல் வெளிவந்தது. யாதவகிரியில் அவர் வாழ்ந்த இல்லம் 2016 முதல் நினைவகமாக உள்ளது. குழந்தைகளுடன் சென்று காணத்தக்க இடம்.

அவ்வில்லத்தைக் கண்டு திரும்பிய இரவு, என் மகளின் பையைத் திறந்து பார்த்தேன். கன்னடம், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என்று அடுக்கடுக்காகப் புத்தகங்கள். அவற்றில் தமிழ் இல்லை. நாம் வந்து வாழும் நாட்டின் மொழியை அவள் கற்பது முறையே. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவ்வாரமே என் தாயார் ஊரிலிருந்து பொடி வகைகளைக் கட்டி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தம் கையெழுத்தில் பெயரெழுதிய துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. மகள் ஒன்றை எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாட்டி பேசினால் எனக்குப் புரிகிறது. பாட்டி எழுதினால் ஏன் புரியவில்லை?" என்றாள்.

பள்ளியில் தமிழ் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். அவள் இடைமறித்து, "உங்களுக்குத் தெரியும் அல்லவா?" என்று கேட்டாள்.

இதற்கு என்ன விடை சொல்வது? தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் பல ஆண்டுகள் பாதுகாக்கப்பட்ட ஊர் இது. 1969-இல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றிய ஊரும் இதுவே. இவற்றையெல்லாம் விருந்தினர்களுக்குப் பெருமையுடன் சொல்லும் நான், என் வீட்டுக் கூடத்தில் ஒரு 'அ' எழுதிக் காட்டவில்லை. பள்ளியையும் நேரமின்மையையும் பழித்துக் காலம் கடத்தினேன். பெரியவர்கள் கேட்டிருந்தால் இக்காரணங்களை ஏற்றுக்கொண்டு தலையசைத்திருப்பார்கள். குழந்தைக்கு அந்த நாகரிகம் தெரியாது.

அன்றிரவு முதல், உணவுக்குப் பின் கால் மணி நேரம் தமிழ் எழுத்து என்று ஏற்பாடாயிற்று. அவள் ஒரு நிபந்தனை விதித்தாள்: கன்னட நாளிதழின் தலைப்பையே நான் தட்டுத்தடுமாறிப் படிப்பதால், அவள் எனக்குக் கன்னடம் சொல்லித் தருவாளாம். உடன்பட்டேன்.

மூன்றாம் நாளே சிக்கல் வந்தது. கன்னடத்தில் 'க' ஓசைக்கு வல்லோசையும் மெல்லோசையுமாக நான்கு எழுத்துகள் உண்டு. "தமிழில் ஒன்றே ஒன்றுதானா? அப்படியானால் காகத்தையும் காந்தியையும் எப்படிப் பிரித்துப் படிப்பது?" என்று கேட்டாள். நாற்பதை நெருங்கும் நான் வாழ்நாளில் ஒருமுறையும் எண்ணிப் பாராத வினா இது! "எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். அவள் முகத்தில் ஏமாற்றம் தோன்றும் என்று அஞ்சினேன். தோன்றியது மகிழ்ச்சி. அப்பாவுக்கும் தெரியாத ஒன்றைத் தான் கண்டுபிடித்ததாக அம்மாவிடம் ஓடிச் சொன்னாள்.

தமிழறிந்த அன்பர் ஒருவரை அணுகிக் கேட்டேன். தமிழில் எழுத்தின் ஒலி பெரிதும் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்று விளக்கினார். 'கல்' என்று சொல்லின் முதலில் நின்றால் வன்மை. 'நகம்' என்று இடையில் நின்றால் மென்மை. 'தங்கம்' என்று மெல்லினத்தை அடுத்தால் வேறோர் ஒலி. காந்தி போன்ற பிறமொழிப் பெயர்களைப் பழக்கத்தாலேயே அறிகிறோம். அவர் சொன்ன மற்றொரு செய்தி எங்கள் இருவரையும் வியப்பில் ஆழ்த்தியது. நம் 'ழ' பழங்கன்னடத்திலும் இருந்ததாம், காலப்போக்கில் வழக்கொழிந்ததாம். "அப்படியானால் கன்னடம் மறந்ததைத் தமிழ் பத்திரமாக வைத்திருக்கிறதா?" என்றாள் மகள். ஆம் என்றேன். இரு மொழிகளும் உறவுடையவை என்பதை நான் சொல்லாமலே அவள் அறிந்துகொண்டாள்.

வேற்றூரில் வாழும் பெற்றோர்களே, நம் குழந்தைகள் இரண்டு ஊர்களுக்கும் இரண்டு மொழிகளுக்கும் இடையே வளர்கின்றன. அவற்றின் வினாக்கள் சில வேளை சுடும். சுடுகின்ற இடம் எது என்று பார்த்தால், அங்கே நம்முடைய பழுது ஒன்று இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதாலும், தவற்றைத் தவறென்று ஒப்புக்கொள்வதாலும் தந்தையின் மதிப்புக் குறைவதில்லை. குழந்தை வினவுவதை நிறுத்திவிட்ட வீட்டிற்காகத்தான் அஞ்ச வேண்டும். அங்கே குழந்தைக்கு ஐயம் தீர்ந்துவிடவில்லை. கேட்டுப் பயனில்லை என்று அது முடிவு செய்துவிட்டது.

சென்ற வாரம் மீண்டும் பொட்டலங்கள் வந்தன. மகள் ஒன்றை விளக்கருகே பிடித்து, எழுத்துக் கூட்டி, "ப-ரு-ப்-பு-ப் பொ-டி" என்று படித்து முடித்தாள். பிறகு என் கன்னட ஏட்டைத் திறந்து, நான் எழுதியதில் மூன்று பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தாள். நான் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டேன்.