தோலிற் தோன்றும் குருதிப் புள்ளிகள்

தோலிலே காணப்படும் சிவப்பு எல்லாம் ஒரு தன்மையுடையதன்று. குழாய்களுக்குள்ளே குருதி மிகுந்து பாய்வதாலும் தோல் சிவக்கும். குழாயைவிட்டு அது வெளியே கசிவதாலும் சிவக்கும். தெளிவான கண்ணாடிக் குவளையொன்றைத் தோலின்மீது அழுத்திப் பார்த்தால் முன்னையது மறையும், பின்னையது மறையாது.

மிகச் சிறிய குருதிக் குழாய்களின் சுவரில் அழற்சி ஏற்படும்போது இத்தகைய மறையாப் புள்ளிகள் தோன்றும். சிறுவரிடையே இவ்வகையிற் பெரிதும் காணப்படுவது ஹெனொக்–ஷோன்லைன் நோயாகும். புள்ளிகளோடு மூட்டுவலியும் சேர்ந்து வருவதை ஜெர்மானிய வைத்தியர் ஷோன்லைன் 1837இல் எடுத்துரைத்தார். வயிற்றுவலியும் இந்நோயின் கூறே என்பதை அவருடைய மாணாக்கர் ஹெனொக் பின்னர் விளக்கினார். ஐ.ஜி.ஏ. என்னும் பிறபொருளெதிரி குழாய்ச் சுவரிற் படிவது அறியப்பட்டபின், 2012இல் அதன் பெயராலேயே இந்நோயை வழங்குவதென வைத்திய அறிஞர் முடிவுசெய்தனர்.

தடிமனோ தொண்டைநோவோ கண்ட சில நாட்களுக்குப்பின், கால்களிலும் பிட்டத்திலும் சற்றே தடித்த புள்ளிகள் எழுவதே வழக்கமான தோற்றம். அரிதாக, குருதி நிறைந்த கொப்புளங்கள் தோன்றித் தீப்புண்போலக் காட்சிதரும். இதனையொத்த வேறொரு நோயில், இரண்டு வயதுக்குட்பட்ட மழலைகளின் கன்னத்திலும் காதிலும் கைகால்களிலும் நாணயம்போன்ற பெரிய செந்நிறத் திட்டுக்கள் வீக்கத்துடன் பரவும். அடித்த காயமோ எனக் காண்போர் ஐயுறுவர். பெற்றோர்மீது வீண்பழி சுமத்தப்படுதலும் உண்டு. ஆயினும் குழந்தை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். திட்டுக்களும் சில வாரங்களில் தாமாகவே மறைந்துவிடும்.

ஆகவே, தோலின் தோற்றத்தைக்கொண்டு நோயின் கடுமையை அளவிடல் ஆகாது. ஹெனொக்–ஷோன்லைன் நோயிற் புள்ளிகள் சிலவேயாயினும் சிறுநீரகம் தாக்கப்படலாம். அத்தாக்கம் வலியின்றியே நிகழ்வதால், புள்ளிகள் மறைந்தபின்னரும் ஏறத்தாழ ஆறு மாதம்வரை சிறுநீரையும் குருதியமுக்கத்தையும் இடையிடையே சோதித்தல் வேண்டும். கடும் வயிற்றுவலியோ மலத்திற் குருதியோ கண்டால் தாமதம் கூடாது. மறையாப் புள்ளிகளுடன் காய்ச்சலும் சோர்வும் சேருமாயின், அது உயிர்க்கிறுதி தரும் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். பிள்ளையை அக்கணமே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

இந்நோயுற்ற சிறுவரிற் பெரும்பாலோர் சில வாரங்களில் முற்றாகக் குணமடைவர். எஞ்சிய சிலரை இனங்கண்டு காப்பதற்கு உதவுவது, தோல் தெளிந்தபின்னும் மறவாது செய்யப்படும் அச்சிறுநீர்ச் சோதனையேயாம்.