சக்கரம் சுடுகிறதா, பாருங்கள்

“வண்டி மைலேஜே கொடுக்க மாட்டேங்குது” என்று ஒர்க்‌ஷாப்பில் வந்து நிற்பவரிடம் “எவ்வளவு கொடுக்குது?” என்று கேட்டால், குத்துமதிப்பாகத்தான் பதில் வரும். “ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், மூணு நாள்கூட வரலை” என்பார். டேஷ்போர்டு முள் இறங்குவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பங்கில் டேங்கை நிரப்பச் சொல்லி, குழாய் முதல் தடவை தானாக நின்றதும் நிறுத்திவிட்டு, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு அதே பங்கில் அதேபோல நிரப்புங்கள். இடையில் ஓடிய தூரத்தை இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுத்தால் உண்மை தெரிந்துவிடும். இரண்டு மூன்று முறை இப்படிப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

அந்த எண்ணை விளம்பரத்தில் வரும் எண்ணோடு ஒப்பிட்டு மனம் நொந்துகொள்ள வேண்டாம். அது ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் ஓட்டி எடுத்த கணக்கு. உச்ச வேகமே மணிக்கு 90 கி.மீ.தான், ஏ.சி.யும் ஓடாது. உங்கள் வண்டி முன்பு கொடுத்ததோடு ஒப்பிடுங்கள். லிட்டருக்கு 16 கொடுத்தது இப்போது 13 கொடுக்கிறது என்றால், எங்கோ கோளாறு இருக்கிறது.

பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். மிச்சத்தில் பெரும்பகுதி ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் சூடாகவே வெளியேறிவிடும். நல்ல வண்டிக்கும் இதே கதைதான். அதனால் நாம் தேட வேண்டியது, சூடு இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறதா, இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனதா என்பதைத்தான்.

பத்து கிலோமீட்டர் சீராக ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை ஓரங்கட்டுங்கள். நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட்டுவிடாதீர்கள், பொசுக்கிவிடும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால், அங்கே பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடியிருக்கிறது. காலிப்பரில் துருவோ மண்ணோ ஏறி இறுகியிருக்கும். மிதியிலிருந்து காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடாது. வாரக்கணக்கில் மழையில் நின்ற வண்டிகளில் இது சகஜம். பல சமயம் கழற்றிச் சுத்தம் செய்து, உரிய கிரீஸ் போட்டாலே சரியாகிவிடும். இதைப் பார்க்காமல் இன்ஜெக்டர் சர்வீஸ், டேங்கில் ஊற்றும் மருந்து என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இஞ்சின் விஷயம் இதற்கு நேர்மாறு. அது 90 டிகிரி வாக்கில் சூடாக இருந்தால்தான் சிக்கனமாக ஓடும். தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டால் கூலன்ட் ரேடியேட்டருக்கு ஓடிக்கொண்டே இருக்கும், இஞ்சின் சூடேறாது. குளிர்ந்த இஞ்சின் என்று நினைத்து கம்ப்யூட்டரும் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். ‘நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு இது’ என்று சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. டேஷ்போர்டில் செக் எஞ்சின் விளக்கு எரிவதைப் பழகிப்போன விளக்காக நினைத்து ஓட்டுவதும் அப்படித்தான். ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தால் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதமே தப்பிவிடும்; ஸ்கேனர் போட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், காலையில் பாருங்கள். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும். ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய வண்டியில் ஃபில்டர் அடைத்தால் இழுவைதான் குறையும்.

வண்டியில் பழுதே இல்லை என்றால், காலைப் பார்க்க வேண்டும். ஒரு டன் எடையுள்ள கார் நின்ற இடத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு வர, உராய்வை விட்டுவிட்டாலும், சுமார் 17 மில்லி பெட்ரோல் செலவாகும். ஒரு மேஜைக்கரண்டிக்கும் சற்று அதிகம். அடுத்த சிக்னலில் பிரேக் மிதிக்கும்போது அது முழுக்க டிஸ்க்கில் சூடாகிப் போய்விடும். இப்படி அறுபது முறை ஓடி நின்றால் ஒரு லிட்டர் காலி. சிவப்பு விளக்கு தூரத்திலேயே தெரியும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து என்ன பயன்? நான்குவழிச் சாலையில் எதிரி காற்று. 80-இலிருந்து 100-க்கு வேகத்தைக் கூட்டினால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். மேலே காலி கேரியர் இருந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள்.

எத்தனாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்த பெட்ரோலில், கலப்பில்லாத பெட்ரோலைவிட ஆறேழு சதவீதம் குறையும். 10 சதவீதம் கலந்ததோடு ஒப்பிட்டால் அதில் பாதி. மைலேஜ் கொஞ்சம் இறங்கினால் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 16 என்பது 13 ஆனதற்கு எத்தனால் மட்டும் காரணமாகாது.

மலையிறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும்; சக்கரமே இஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் உருட்டினால்தான் இஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகும். வண்டியின் பாரம் மொத்தமும் பிரேக்கின் மேல் விழும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இப்படி இறங்கினால், பேட் சூடேறி, மிதித்தும் பிடிக்காத நிலை பாதி மலையிலேயே வந்துவிடலாம்.