சமையலறையில் பலகை போடலாமா?

உங்கள் வீட்டுச் சமையலறைத் தரை என்ன நிறம் என்று யாராவது திடீரென்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியுமா? முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். சுவருக்கு வர்ணம் பூசுகிறோம், மேடைக்குக் கல் பதிக்கிறோம், அலமாரிக்குக் கண்ணாடி போடுகிறோம். தரையை மட்டும் மிதிப்பதோடு சரி. வழுக்கி விழுந்த அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கும் ஒரு வீட்டிலும் அப்படித்தான் நினைவுக்கு வந்தது. எழுபத்தாறு வயது அம்மா, காலையில் காப்பி டிகாக்ஷன் இறக்கப் போனவர், ஈரத்தில் கால் சறுக்கி உட்கார்ந்து விட்டார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீக்கத்தோடு போயிற்று. ஆனால் மகனுக்குப் பயம் பிடித்துக் கொண்டது. அந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் அப்புறம் எழுந்து நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "இந்தப் பழைய சிவப்புத் தரையை மூடி, மேலே மரப் பலகை போட்டு விடலாம்" என்று தீர்மானித்து, கடையிலிருந்து மாதிரியும் வாங்கி வந்து விட்டார். தேக்கு நிறம், கையால் தடவினால் ரேகை கூடத் தெரிந்தது.

மாதிரியைப் பார்த்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அழகாத்தான் இருக்கு. ஆனா தண்ணி கொட்டாம சமைக்க எனக்குத் தெரியாதேடா!"

அந்த அம்மாளுக்குக் கட்டட சாஸ்திரம் தெரியாது. ஆனாலும் விஷயத்தின் முடிச்சு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று தண்டவாளத்தை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டும் ஆசை பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகிற்று. அந்த வீடுகளில் பலவற்றிலும் தரை ஒரே மாதிரிதான். ஸிமெண்டில் சிவப்பு ஆக்ஸைடுப் பொடியைக் கலந்து பூசி, கரணையால் இழைத்து இழைத்து மெருகேற்றிய தரை. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் சலவைக்கல் சில்லுப் பதித்த மொஸைக் போட்டார்கள். வேறு சிலர் கடப்பைக் கல். எதுவானாலும் சமையலறையில் மேஸ்திரி ஒரு காரியம் செய்யத் தவற மாட்டார்; அதன் பெயர் வாட்டம். தரையின் ஒரு மூலை சற்றுத் தாழ்ந்திருக்கும். அங்கே ஒரு துவாரம். இரவு சமையல் முடிந்ததும் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினால், அன்றைய எண்ணெய்ப் பிசுக்கு அத்தனையும் துவாரத்தின் வழியாகப் போய்விடும்.

பலகைத் தரை கேட்பது இதற்கு நேர் விரோதம். அதற்கு மட்டம் வேண்டும். இரண்டு மீட்டர் நீளத்துக்கு மூன்று மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தாலே பலகைகள் சேரும் இடம் அமுங்கி அமுங்கி எழுந்து, நாளடைவில் பிளந்து கொள்ளும். மட்டமாக்குவதற்குக் குழம்பு போன்ற கலவை ஒன்று விற்கிறது. ஊற்றினால் தானே பரவி இறுகும். நல்ல சரக்குதான். ஆனால் வாட்டம் போய்விடும். வாட்டம் போனால் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற பழக்கமும் போக வேண்டும். எழுபத்தாறு வயதில் எந்தப் பழக்கம் போகும்?

இன்னொன்று, கடையில் எதைக் காட்டினாலும் 'உட்டன் ஃப்ளோரிங்' என்றுதான் சொல்லுகிறார்கள். அதில் மூன்று ஜாதி உண்டு. முதலாவது லாமினேட்: மரத்தூளை அழுத்திச் செய்த அட்டை, மேலே மர ரேகை அச்சடித்த தாள், அதன் மேல் கெட்டியான பூச்சு. இரண்டாவது, அடியில் பிளைவுட்டும் மேலே மெல்லிய நிஜ மரமும் ஒட்டியது. மூன்றாவதை எஸ்.பி.ஸி. என்கிறார்கள், சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.ஸி.யும் சேர்ந்தது, பெயருக்குக் கூட மரம் கிடையாது. ஆச்சரியம் என்னவென்றால், சமையலறைக்குத் தகுந்தது இந்த மரமில்லாத மரம்தான்! தண்ணீர் பட்டால் ஊறாது, கரையானுக்கும் அதில் ஆகாரம் இல்லை. லாமினேட்டோ ஓரத்தில் ஈரம் ஏறினால் அப்பளம் போல உப்பும்; உலர்ந்த பிறகும் பழைய நிலைக்கு வராது.

குளிர் தேசங்களில் மரத் தரை சர்வ சாதாரணம் அல்லவா என்று கேட்பீர்கள். வாஸ்தவம். அங்கே பழைய வீடுகளில் பலகையை உத்தரங்களின் மேல் அடித்திருப்பார்கள். அடியில் காற்றோட்டம் இருக்கும். நாமோ மரத்தைத் தலைக்கு மேலே வைத்தோம். மெட்ராஸ் டெரஸ் தளத்தைத் தாங்கிய பர்மாத் தேக்குக் கட்டைகளை இன்னும் பழைய வீடுகளில் பார்க்கலாம். காலுக்குக் கீழே நமக்கு இருப்பது மணலும் ஜல்லியும்தான். பழைய தரைகளுக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் தாள் விரிக்கும் வழக்கம் கிடையாது. ஆகவே ஓதம் மெல்ல மேலே வருகிறது. திறந்த தரையில் வந்த ஈரம் வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். அதன் மேல் மூடி போட்டால் எங்கே போகும்?

உங்கள் வீட்டில் ஓதம் உண்டா என்று அறியக் காலணாச் செலவில்லாத பரீட்சை ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பாலிதீன் தாளை வெட்டித் தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டு விடுங்கள். மறுநாள் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் அரும்பியிருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ, பலகைக்கு நமஸ்காரம் சொல்லி விடலாம். நம் முடிச்சூர் சாலை வீட்டில் முத்துக்கள் தாராளமாகவே இருந்தன.

மேலே இருக்கும் வானத்தை மட்டும் நம்பலாமா? 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழை இந்தப் பக்கத்தாருக்கு ஜன்மத்துக்கும் மறக்காது. மறுநாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 சென்டிமீட்டர். அடையாற்றின் தலைமாட்டில் உள்ள ஏரிகள் வழிந்து முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் ஆறே புகுந்தது. படகில் ஜனங்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் போது மறுபடியும் இதே இடங்களில் தண்ணீர். அந்த வீட்டில் 2015-ல் இடுப்பளவு நின்ற நீர் வடிந்ததும், சேற்றை வாரிக் கொட்டி, சிவப்புத் தரையை மூன்று முறை கழுவினார்களாம். நாலாம் நாள் அதே தரையில் கோலம் போட்டு அடுப்பு மூட்டியாயிற்று. பலகைத் தரை என்றால்? எஸ்.பி.ஸி.யாகவே இருந்தாலும் அடியில் புகுந்த சாக்கடைச் சேறு நாறும். ஒவ்வொரு பலகையாகப் பெயர்த்துக் கழுவி மறுபடி கோர்க்க வேண்டும்.

சேலையூரிலோ மேடவாக்கத்திலோ மூன்றாம் மாடியில் இருப்பவர்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டாம். ஈரத் துணியால் துடைப்பதோடு நிற்கிற வீடானால் எஸ்.பி.ஸி. தாராளமாகப் போடலாம். பலகைப் பெட்டிகளை இரண்டு நாள் அந்த அறையிலேயே கிடத்துங்கள். பழைய டைலை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாக ஒலிப்பதை முதலில் பெயர்த்துச் சரி செய்ய வேண்டும். சுவரோரம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி கட்டாயம். வெயிலில் பலகை விரியும். காஸ் ஸிலிண்டரை உருட்டாதீர்கள், சக்கரத் தட்டில் வையுங்கள்.

ஆனால் வழுக்குகிறதே, அதற்கு என்ன? உண்மையைச் சொன்னால், நீர் தேங்கினால் மரமும் வழுக்கும். மகன் இதைக் கேட்டு வெகு நேரம் பேசவில்லை. கடைசியில் மேஸ்திரிதான் வழி சொன்னார்: "ஸார், பழைய தரையைக் கொத்து விட்டு, மேலேயே பசை போட்டுச் சொரசொரப்பு டைல் ஒட்டிடறேன். வாட்டம் அப்படியே இருக்கும். மர டிஸைனே வேணும்னாலும் கிடைக்குது."

அப்படியே நடந்தது. மூன்று நாள் கூடத்தில் சமையல். தரை முக்கால் அங்குலம் உயர்ந்ததால் கதவின் அடியை அறுக்க வேண்டி வந்தது. மேடைக்குக் கீழே, பாத்திரக் கூடை வைக்கும் மூலையில் மட்டும் ஒரு முழச் சதுரம் பழைய சிவப்புத் தரையை விட்டு வைக்கச் சொல்லி விட்டார் அம்மா. ஏன் என்று மகன் கேட்டதற்கு, "நான் போட்ட தரைடா அது" என்றார். நான் போயிருந்த அன்று சாயங்காலம், தேக்கு நிறத் தரையில் இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளிக் கொண்டிருந்தார். தண்ணீர் நேராகத் துவாரத்துக்குத்தான் போயிற்று.