அகராதி மட்டும் போதுமா?

கேம்பல் பேயில் பிறந்து வளர்ந்தவன் நான். 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியேறிய ஊர் அது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி. ஆங்கிலமோ பாடநூலோடு சரி. ஆகவே ஐயெல்ட்சு தேர்வுக்கென அகராதியை நாளொன்றுக்கு ஐம்பது சொல்லாக உருப்போட்டேன். வீண் வேலை!

'சப்சைட்' என்றால் தணிதல் என்று படித்திருந்தேன். காய்ச்சல் தணியும், புயல் தணியும். பயிற்சித் தாளிலோ நிலம் 'சப்சைட்' ஆயிற்று என்றிருந்தது. விழித்தேன். நிலம் எப்படித் தணியும்? தாழ்ந்தது என்பதே பொருள்! 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் எங்கள் இந்திரா முனை ஏறத்தாழ 4 மீட்டர் தாழ்ந்தது. கலங்கரை விளக்கின் அடியைக் கடல் சூழ்ந்தது. அன்று என்னை இடுப்பில் சுமந்து மேட்டுக்கு ஓடிய அம்மாவுக்கு அச்சொல் தெரியாது; பொருள் தெரியும். எனக்கோ சொல் தெரிந்தது; பொருள் தெரியவில்லை.

அன்றுமுதல் ஒவ்வொரு சொல்லையும் அது வந்த வாக்கியத்தோடு எழுதி வைக்கிறேன். எவற்றை முதலில் கற்பது? நியூசிலாந்தின் ஆவெரில் காக்சுஹெட் 2000-இல் வெளியிட்ட பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. கல்விநூல்களின் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவையே. 'அனலைஸ்' வந்தால் 'அனாலிசிஸ்' தானே பின்வரும்.

வாசிப்புத் தாளில் 60 நிமிடம், மூன்று பகுதிகள், 40 வினாக்கள். "சரி, தவறு, கூறப்படவில்லை" என்னும் வினாவில் மட்டும் நம் சொந்த அறிவை நுழைத்தல் ஆகாது. தாளில் உள்ளதே கணக்கு. நிலவியல் மாணவன் என்ற செருக்கில் நான் மதிப்பெண் இழந்தது அங்கேதான். அடுத்த மாதம் மறுபடி எழுதுகிறேன்.