உங்களுக்குத் தெரியுமா? ‘ரெண்டு நாளா’ என்றால் ‘ஃபார்’, ‘நேத்துல இருந்து’ என்றால் ‘சின்ஸ்’

● தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் படித்த எல்லோரும் ஒரு தடவையாவது எழுதிய ஆங்கில வாக்கியம் இது: ‘கைன்ட்லி கிரான்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்’. காய்ச்சலோ கல்யாணமோ, லீவ் லெட்டரில் அந்த ‘ஃபார்’ தப்பியதே இல்லை. ஆனால் அதே பிள்ளை வளர்ந்து வேலைக்குப் போனதும் மேலதிகாரியிடம் ‘ஐ ஹேவ் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்’ என்கிறது. எட்டாம் வகுப்பில் சரியாக எழுதியது எங்கே தடம் மாறியது?

● ‘சின்ஸ் டூ டேஸ்’ தமிழிலிருந்து வந்த பிழை அல்ல. இந்தியில் ‘தோ தின் ஸே’ (இரண்டு நாளாக), ‘சோம்வார் ஸே’ (திங்கட்கிழமையிலிருந்து) இரண்டுக்கும் ஒரே ‘ஸே’. அதனால் அங்கே குழப்பம் இயல்பு. நமக்கு அப்படியில்லை. அருப்புக்கோட்டையில் எந்த டாக்டரிடம் போனாலும் இரண்டில் ஒரு கேள்வி வரும். ‘எத்தனை நாளா காய்ச்சல்?’ என்று கேட்டால் ‘ரெண்டு நாளா’ என்போம். ‘எப்ப இருந்து?’ என்று கேட்டால் ‘ஞாயித்துக்கிழமைல இருந்து’ என்போம். மாற்றிச் சொல்ல நாக்கு வராது. முதலாவது ‘ஃபார் டூ டேஸ்’, இரண்டாவது ‘சின்ஸ் சண்டே’. அவ்வளவுதான்! ‘பீரியட் ஆஃப் டைம்’, ‘பாயின்ட் ஆஃப் டைம்’ என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் ‘-ஆ’வையும் ‘-ல இருந்து’வையும் காட்டினால் ஒரே வகுப்பில் புரிந்துவிடும். கிராமத்துப் பள்ளிகளில் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

● ஆங்கிலத்தின் ஒரு ‘ஃபார்’, தமிழில் மூன்று வேடம் போடும். ‘மூணு வருஷமா திருப்பூர்ல இருக்கேன்’: இன்னும் அங்கேதான். ‘மூணு வருஷம் திருப்பூர்ல இருந்தேன்’: முடிந்த கதை. ‘மூணு நாளைக்குத் திருப்பூர் போறேன்’: இனிமேல்தான். மூன்றுக்கும் ‘ஃபார்’ போதும். வேறுபாட்டை வினைச்சொல் பார்த்துக்கொள்ளும். நாம் சறுக்குவது முதலாவதில். தமிழில் ‘இருக்கேன்’ என்று நிகழ்காலம் வருவதால் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். அங்கே ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’ என்றிருக்க வேண்டும். இது நம் மொழியிலிருந்தே வரும் பிழை.

● அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் திருச்சுழிக்கும் ஆங்கில இலக்கணத்துக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில், திருமேனிநாதர் கோவில் பக்கத்தில் பிறந்த வேங்கடராமன், மதுரையில் அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். வயது பதினாறு. பாடம் படிக்காததற்குத் தண்டனையாக பெய்னின் இலக்கணப் புத்தகத்தில் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அலெக்சாண்டர் பெய்ன் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய ஆங்கில இலக்கணம் அந்தக் காலத்து மாணவர்களை ஆட்டிப்படைத்தது. 1896 ஆகஸ்ட் 29 அன்று, இரண்டு முறை எழுதிவிட்டு மூன்றாவதில் நோட்டைத் தள்ளி வைத்தார் வேங்கடராமன். கண்மூடி உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார். பள்ளியில் தனி வகுப்பு இருக்கிறது என்று தம்பி எழுந்தபோது, தன் கல்லூரிக் கட்டணத்துக்காக ஐந்து ரூபாய் எடுத்துப்போகச் சொன்னதும் அந்த அண்ணன்தான். அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தோடு ஒரு கடிதம் வைத்துவிட்டுக் கிளம்பினார். செப்டம்பர் 1 காலை திருவண்ணாமலை. ரமண மகரிஷியாக அவர் அந்த ஊரைவிட்டு அகலவே இல்லை.

அவருடைய வாழ்க்கையிலேயே காலச் சொற்கள் எல்லாம் இருக்கின்றன. விருபாட்சி குகையில் ‘ஃப்ரம் 1899 டு 1916’, அதாவது ‘ஃபார் 17 இயர்ஸ்’. திருவண்ணாமலையில் ‘அன்டில் ஹிஸ் டெத் இன் 1950’. அவரைப் பற்றிச் சொல்லும்போது ‘ஹேஸ் லிவ்டு சின்ஸ் 1896’ என்று சொல்ல முடியாது; ‘ஹேஸ்’ஸோடு வரும் ‘சின்ஸ்’ இன்றுவரை நீள வேண்டும். ஆனால் தாயார் அழகம்மாளின் சமாதியைச் சுற்றி உருவான ஆசிரமம் இன்றும் இருக்கிறது. அதற்கு ‘ஹேஸ் பீன் தேர் சின்ஸ் 1922’ என்பது அப்படியே பொருந்தும்.

● ‘மூணு நாள் நெய்தார்’, ‘மூணு நாள்ல நெய்து முடிச்சார்’. அருப்புக்கோட்டைத் தறிக்காரரிடம் இரண்டும் ஒன்றா என்று கேட்டுப் பாருங்கள். முதலாவதில் பாவு இன்னும் தறியில் இருக்கலாம், நாடா இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதில் சேலையை அறுத்து மடித்தாயிற்று; கூலி வாங்கலாம். ஆங்கிலத்திலும் இதே கோடுதான்: ‘ஷி வோவ் ஃபார் த்ரீ டேஸ்’, ‘ஷி வோவ் த சாரி இன் த்ரீ டேஸ்’. வேலை நடந்த நேரத்துக்கு ‘ஃபார்’, வேலை முடியப் பிடித்த நேரத்துக்கு ‘இன்’. ஜீனோ வெண்ட்லர் என்ற தத்துவ ஆசிரியர் 1957-இல் எழுதிய கட்டுரையில் வினைச்சொற்களை வகை பிரிக்க இந்த வேறுபாட்டையும் ஓர் உரைகல்லாக எடுத்துக்கொண்டார். இன்றும் மொழியியல் மாணவர்கள் படிக்கும் கட்டுரை அது.

● ‘பிஃபோர் டூ டேஸ்’ என்று நாம் சொல்வதும் உண்டு. ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி’யின் நேர் நகல் அது. ஆங்கிலத்தில் ‘டூ டேஸ் அகோ’. ‘அகோ’ நம் ‘முன்னாடி’ போலவே நாளுக்குப் பின்னால்தான் நிற்கும். ‘ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்’ என்பதற்கு ‘ஆஃப்டர் டூ டேஸ்’ என்கிறோம். இன்றிலிருந்து எண்ணினால் ‘இன் டூ டேஸ்’தான் இயல்பு. நடந்து முடிந்த கதையில், ‘ஆஃப்டர் டூ டேஸ் ஹி கேம் பேக்’ என்பது சரி.

● கரிசல் காட்டில் அதிகம் பேசப்படும் கால அளவு மழையில்லாத காலம். ‘மூணு மாசமா ஒரு பொட்டு மழை இல்ல’ என்பதைப் பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ‘இட் ஹேஸ்ன்ட் ரெய்ன்ட் ஃபார் த்ரீ மன்த்ஸ்’ என்பார்கள். அமெரிக்கர் ‘இன் த்ரீ மன்த்ஸ்’ என்றும் சொல்வார். பெரும்பாலும் இல்லை என்னும் வாக்கியத்தில்தான் இந்த ‘இன்’ செல்லும். ஐப்பசியில் மழை இறங்கி, மானாவாரியில் போட்ட மல்லியும் பருத்தியும் முளைத்துவிட்டால் ‘இட் ரெய்ன்ட் ஃபார் டூ அவர்ஸ்’ என்று மகிழ்ச்சியாகச் சொல்லலாம். அங்கே ‘இன்’ வராது.

● எண்ணிக்கை இருந்தால் ‘ஃபார்’, நிகழ்ச்சியின் பெயர் இருந்தால் ‘டியூரிங்’. பத்து நாள் என்றால் ‘ஃபார் டென் டேஸ்’, பங்குனிப் பொங்கலின்போது என்றால் ‘டியூரிங் பங்குனிப் பொங்கல்’.

● சில இடங்களில் எதுவுமே வேண்டாம். ‘நாள் பூரா’ என்பது ‘ஆல் டே’, ‘போன திங்கக்கிழமை’ என்பது ‘லாஸ்ட் மன்டே’. தமிழில் உருபு இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. ‘ஆன் லாஸ்ட் மன்டே’ என்று ஒட்டுப்போடுவது வீண் வேலை.

● ‘அஞ்சு மணி வரைக்கும் கடை திறந்திருக்கும்’ என்றால் ‘அன்டில் ஃபைவ்’. ‘அஞ்சு மணிக்குள்ள வந்துரு’ என்றால் ‘பை ஃபைவ்’. முன்னது நீளும் செயல், பின்னது கெடு. நம் ‘-க்குள்ள’ இன்னொரு வேலையும் பார்க்கும்: ‘ரெண்டு நாளைக்குள்ள’ என்பது ‘விதின் டூ டேஸ்’. ஆகவே கெடு தேதியானால் ‘பை ஃப்ரைடே’, கால அளவானால் ‘விதின் டூ டேஸ்’. ‘விதின் ஃப்ரைடே’ என்று ஒன்று கிடையாது.

● ‘வெள்ளி வரை’ என்றால் வெள்ளியும் சேர்த்தியா? தமிழிலும் சந்தேகம், ‘அன்டில்’லிலும் சந்தேகம். அமெரிக்கர் ‘மன்டே த்ரூ ஃப்ரைடே’ என்று சொல்லித் தீர்த்துக்கொள்கிறார்கள், வெள்ளியும் உள்ளே. நம் அலுவலக அறிவிப்புகளில் ‘1ஆம் தேதி முதல் 10ஆம் தேதி முடிய’ என்று வருமே, அந்த ‘முடிய’ அதே வேலையைத்தான் செய்கிறது.