சுர்மாவுக்குள் என்ன இருக்கிறது?

எருக்கலம்பிட்டியிலும் சிலாவத்துறையிலும் உம்ரா முடித்து வருபவர்களின் பையில் பேரீச்சம்பழத்தோடு ஒரு சுர்மாக் குப்பியும் இருக்கும். "கண்ணுக்குக் குளிர்ச்சி, புள்ளைக்கும் போடுங்க" என்பார் உம்மம்மா.

நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்ததாக ஹதீஸ்களில் வருவது 'இஸ்மித்'. அது அந்திமனிக் கல் என்பதே பரவலான விளக்கம். ஆனால் இன்று விற்கப்படும் சுர்மாக்களில் பல, கலீனா எனும் ஈயக் கல்லை அரைத்தவை. தூய கலீனாவின் நிறையில் 86 வீதத்துக்கு மேல் ஈயமே. இரண்டு பொடியும் கறுத்து மினுங்கும். பார்த்தோ, லேபிளை வாசித்தோ பிரித்தறிய ஏலாது.

ஆய்வுகூடத்தில் பொடிமீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சுவார்கள். ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய கதிரை வெளிவிடும். ஈயம் சில நிமிடங்களில் அகப்பட்டுவிடும். நுண்ணளவை அறிய, பொடியை அமிலத்தில் கரைத்து அணு உறிஞ்சல் கருவியில் அளப்பார்கள்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் சுர்மா இட்ட ஆசியக் குழந்தைகளின் இரத்தத்தில், இடாதவர்களைவிட ஈயம் கூடுதலாக இருந்ததை 1978இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. குழந்தை கண்ணைக் கசக்கும். அதே விரலை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதில் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சுன்னாவை விடச் சொல்லவில்லை. விற்பவரிடம் ஆய்வறிக்கை கேளுங்கள். இல்லையென்றால் பிள்ளையின் கண்ணுக்கு அது வேண்டாம். ஏற்கெனவே இட்டு வந்திருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.