உங்களுக்குத் தெரியுமா? இரவல் பூட்ஸில் 13 கோல்!

ஒரே உலகக் கோப்பையில் 13 கோல் அடித்தவர், பிரான்சின் ஜுஸ்த் ஃபோன்டேன். 1958இல் சுவீடனில் நடந்த அந்தப் போட்டியில் அவர் ஆடியது ஆறே ஆட்டங்கள், ஆறிலும் கோல். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக மட்டும் நான்கு! அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தச் சாதனையை யாரும் எட்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் அணிந்திருந்த பூட்ஸ் இரவல். பயிற்சியில் சொந்த பூட்ஸ் கிழிந்துவிட, சக வீரர் ஸ்தெஃபான் ப்ரூயே தன்னுடையதைக் கொடுத்தார்.

மொராக்கோவின் மராகேஷில் 1933இல் பிறந்த ஃபோன்டேன், பிரான்சுக்காக 21 ஆட்டங்களில் 30 கோல் குவித்தார். இருமுறை கால் முறிந்ததால், 28 வயதிலேயே ஓய்வுபெற நேர்ந்தது. 2023இல் காலமானார்.